கடப்பா வரைக்கும் போன சம்பூர்ணம்

என் அம்மா சம்பூர்ணத்தோடு சண்டை போட்டு முழுசாகத் திரும்பிப் போனவர்கள் காஞ்சிபுரத்தில் குறைவு. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் கேட்டால் இன்றைக்கும் நாலு பேர் சாட்சி சொல்வார்கள். பாலில் தண்ணீர் தூக்கலாக இருந்த ஒரு நாள் பால்காரருடைய செம்பு சாக்கடையில் கிடந்தது, பால்காரர் அதற்குப் பக்கத்தில் கிடந்தார். என் அப்பா கலியாணசுந்தரத்தின் நெற்றியில் ஒரு தழும்பு உண்டு. தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடாவை அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே விட்டெறிந்ததில் வந்தது. யாராவது கேட்டால் அப்பா, "நெலப்படியில இடிச்சிக்கினேன்பா" என்பார். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்த நிலைப்படி தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருப்பதை எல்லோரும் பார்த்தவர்கள்தானே.

அப்பா பம்பாயில் ஒரு பட்டுக்கடையில் புடவை மடிக்கிற வேலைக்குப் போனபோது, "வேலைக்கா போனாரு, உசுரு பொழைக்கப் போனாரு" என்று தெருவில் சொன்னார்கள். பாதி நிஜம். மீதிப் பாதி, சரிகை கிடைக்காமல் அந்த வருஷம் எங்கள் தறி சும்மா கிடந்தது.

அம்மா முன்பெல்லாம் இப்படி இல்லையாம். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்தான். திருஞானசம்பந்தம் என்று பெயர். அவனுக்கு நடக்கப் பழகிய வயசு. அம்மா தறியில் இருந்தாள். திறந்திருந்த கதவு வழியாக அவன் போய், அடுத்த வீட்டுச் சாயக்காரர் கொல்லையில் பட்டு நூல் கொதித்துக்கொண்டிருந்த கொப்பரையில் விழுந்துவிட்டான். தூக்கினவர்கள் கையோடு அவன் தோல் வந்தது. அம்மா உலக்கையால் அந்தக் கொப்பரையை அடித்து நெளித்தாள், சாயக்காரரை அடித்தாள், தன் தலையைச் சுவரில் அடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் அடிப்பதை நிறுத்தவேயில்லை. எங்களை அடித்ததெல்லாம் பயத்தில் அடித்தது என்று இப்போது எனக்குப் புரிகிறது. புரிந்ததால் அன்றைய வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எங்கள் ஊர்த் தறி தரையோடு தரையாக இருக்கும். நெய்கிறவர் ஒரு குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிப்பார். தவழ்கிற பிள்ளை குழியில் விழுந்துவிடக் கூடாது, பாவு நூலைப் பிடித்து இழுத்துவிடவும் கூடாது என்று இடுப்பில் ஒரு பழந்துணியைக் கட்டித் தூணோடு சேர்த்துவிடுவார்கள். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தோம். மற்ற வீடுகளில் பிள்ளை ஓட ஆரம்பித்தால் கட்டு அவிழ்ந்துவிடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வரைக்கும் அவிழாது. பழந்துணியும் கிடையாது. கழித்துப் போட்ட பட்டு நூலைப் பல புரியாக முறுக்கி அம்மா கயிறு திரித்திருந்தாள். பட்டைக் கையால் அறுக்க முடியாது, அது நம் கையைத்தான் அறுக்கும். அதில் அவள் போடுவது நெசவுக்காரர் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

அறுபத்தெட்டாம் வருஷம் கோடையில் அப்பா எங்களை பம்பாய்க்கு வரச் சொல்லி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். எனக்கு ஏழு வயசு, பெயர் அலமு. தம்பி தர்மனுக்கு மூன்று முடிந்திருந்தது. தங்கை பூவம்மாள் கைக்குழந்தை. சின்ன ரயிலில் அரக்கோணம் போய், அங்கே பம்பாய் ரயிலில் ஏற வேண்டும். அத்தனை தூரம் மூன்று பிள்ளைகளோடு தனியாகப் போக முடியுமா என்று தெருவில் கேட்டார்கள். "மூணையும் எண்ணிக் குடுத்துட்டுதான் மறு வேல" என்றாள் அம்மா. நாலாவதாக எண்ண ஒருவன் இல்லையே என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று கேட்டவர்களுக்கும் தெரியும். 

அரக்கோணத்தில் வண்டி வந்து நின்றபோது மூன்றாம் வகுப்பு வாசலில் ஆள்மேல் ஆள் தொங்கினார்கள். அம்மா என்னையும் தர்மனையும் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு கம்பி பெயர்ந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே திணித்தாள், குழந்தையை என் கையில் கொடுத்தாள், தகரப் பெட்டியை முன்னால் பிடித்துக்கொண்டு வாசலில் முட்டினாள். ஒருவர் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, முழங்கையைப் பின்னால் விட்டாள். அவர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. உள்ளே வந்ததும் எங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் எழுந்துவிட்டார்.

உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தர்மன் இடுப்பில் பட்டுக் கயிற்றைக் கட்டினாள். மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்தாள். கம்பி தூண் மாதிரி இருந்தது, அதனால் அவளுக்கு அது தறிவீடாகிவிட்டது. வீட்டில் தூணைச் சுற்றி ஏறுவதற்கு ஒன்றும் கிடையாது, ரயிலில் தலைக்கு மேல் சாமான் வைக்கிற பலகை இருக்கிறது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. தறிக்காரி யாருக்கும் தோன்றியிருக்காது.

எதிரே ஒல்லியாக ஒருவர் லுங்கி கட்டி உட்கார்ந்திருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டு அவருக்கு முகம் மலர்ந்தது.

"நீங்க காஞ்சிபுரமாம்மா? நானும் காஞ்சிபுரந்தான், ஒலிமுகமது பேட்ட. கலீமுல்லான்னு பேரு. சைக்கிள்ல வளையல், ரிப்பன் வித்துக்கினு வருவேன், பாத்திருப்பீங்க. பம்பாய்ல தங்கச்சி சித்தாரா இருக்குது, அத்தப் பாக்கப் போறேன்."

அம்மா என் காதருகே குனிந்து, "ஊர்க்காரன்னு சொல்லிக்கினு வரவந்தான் புள்ள புடிப்பான். எதுனா குடுத்து நீ வாங்கின, தோல உரிச்சிடுவேன்" என்றாள். மெதுவாகச் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அவருக்கும் கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் பையிலிருந்து சின்னக் கத்தி எடுத்துச் சாத்துக்குடி ஒன்றை அறுத்துத் தர்மனிடம் ஒரு துண்டு நீட்டினார். தர்மன் கையை நீட்டினான். அம்மா அந்தக் கையில் அடித்த அடியில் துண்டு ஜன்னலுக்கு வெளியே போனது. தர்மன் வீறிட்டான். அதற்கு முதுகில் இன்னொன்று கொடுத்தாள்.

கலீமுல்லா கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அடிக்காதம்மா, நான் குடுத்தது தப்புதான்" என்றார். பிறகு கயிற்றைப் பார்த்தார். "இத்த மட்டும் கொஞ்சம் தளத்தி வுடும்மா. ரயிலு ஆடும். புள்ளைக்கு இடுப்ப அறுத்துடும்."

"என் புள்ள. நான் கட்டுவேன், நான் அவுப்பேன். நீ உன் வேலையப் பாருய்யா."

அவர் தன் வேலையைப் பார்த்தார். அதாவது ஜன்னலைப் பார்த்தார்.

நந்தலூர் தாண்டினதும் வெயில் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். அம்மா பூவம்மாளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டாள். முந்தின ராத்திரி முழுக்கப் பெட்டி கட்டினவள். தர்மன் பெஞ்சின் மேல் ஏறினான், முதுகுச் சட்டத்தில் கால் வைத்தான், மேல் பலகையில் சாமான்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டான். மேலேயிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தப் பலகையை ஒரு இரும்புச் சங்கிலி தாங்கிக்கொண்டிருந்தது. அவன் கயிறு அந்தச் சங்கிலிக்கு உள்பக்கமாகப் போயிருந்தது. வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. தர்மன் சங்கிலிக்கு வெளிப்பக்கம் விழுந்தான்.

தரைக்கு வரவில்லை. கயிறு சங்கிலியில் மாட்டி நின்றது. இடுப்பிலிருந்த வளையம் மேலே ஏறி, ஒரு கையைச் சேர்த்து இழுத்துக் கழுத்தில் உட்கார்ந்தது. அவனிடமிருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை. கால் மட்டும் உதறியது. முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது.

நான் "அம்மா" என்று கத்தினேன். அம்மாவுக்கு முன்னால் கலீமுல்லா எழுந்துவிட்டார். ஒரு கையால் தர்மனைத் தூக்கிப் பிடித்தார், இன்னொரு கையால் முடிச்சைப் பிராண்டினார். அது அவிழாது என்று காஞ்சிபுரத்துக்காரருக்குத் தெரியாதா. கத்தியை எடுத்தார். தர்மன் கழுத்துக்குப் பக்கத்தில் விட்டுக் கயிற்றை அறுத்தார்.

அம்மா கண் திறந்தது அந்த நேரம்.

அவள் பார்த்தது இவ்வளவுதான்: அந்நிய ஆள் கையில் பிள்ளை, பிள்ளை கழுத்தில் கத்தி, கட்டியிருந்த கயிறு அறுந்திருக்கிறது. குழந்தை மடியிலிருந்து என் மேல் உருண்டது. தண்ணீர் நிறைந்த பித்தளைக் கூஜா அம்மா கைக்கு வந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி அவர் வாயில் இறக்கினாள். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. தர்மனைப் பிடுங்கிக்கொண்டு, "புள்ள புடிக்கிறவன், புள்ள புடிக்கிறவன்" என்று அலறினாள்.

அந்த வார்த்தை போதும். இவ்வளவு நேரம் தூங்கினவர்கள், இடத்துக்காக ஒருவரை ஒருவர் முறைத்தவர்கள், பாஷை புரியாதவர்கள், எல்லோரும் ஒன்றாகிவிட்டார்கள். முதல் உதை விழுந்ததும் அவர் பெஞ்சுகளுக்கு நடுவே சரிந்தார். செருப்பு, பெல்ட், பெட்டியின் முனை, கைக்குக் கிடைத்ததெல்லாம் அவர்மேல் இறங்கியது. அரக்கோணத்தில் அம்மாவிடம் மூக்கு உடைந்தவர்கூட வந்து இரண்டு மிதி மிதித்தார். கலீமுல்லா பேசப் பார்த்தார். தாடை தொங்கிவிட்டதால் ரத்தமும் காற்றும்தான் வந்தது.

நான் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். "அவரு காப்பாத்துனாரும்மா. தர்மன் தொங்கிக்கினு இருந்தாம்மா."

அம்மா என்னை ஓங்கி அறைந்தாள். என் பல் ஒன்று ஆடி விழுந்தது. அது எப்படியும் விழ இருந்த பால்பல்தான், ஆனால் அதைச் சாக்காக வைத்து நான் அவளை என்றைக்கும் மன்னித்ததில்லை. நான் மறுபடியும் சொன்னேன். மறுபடியும் அறைந்தாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை, மேலே கையைக் காட்டினேன்.

சங்கிலியில் அறுந்த கயிறு ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியில் அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அம்மா தர்மனைத் திருப்பி அவன் கழுத்தைப் பார்த்தாள். அக்குளிலிருந்து காதுக்குக் கீழ் வரை கயிறு பதிந்து தோல் உரிந்திருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. தன் கயிறு. அவளே திரித்தது.  பிறகு தர்மனை என் மடியில் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தாள்.

"வுடுங்கய்யா. அந்தாளு நல்லவரு. நான்தான் தப்பா நெனச்சிட்டேன், வுடுங்கய்யா."

யாரும் விடவில்லை. ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "மை வச்சிட்டாம்பா இந்தம்மாவுக்கும். பாரு, அவனுக்கே பரிஞ்சிக்கினு வருது" என்றார். அது எல்லோருக்கும் பொருத்தமாகப் பட்டது. பிள்ளை பிடிக்கிறவன் தாய்க்கு வசியம் வைப்பான் என்று கேள்விப்படாதவர் யார். அம்மா நல்லவர் என்று சொல்லச் சொல்ல அவருக்கு அடி கூடியது. அடியைத் தொடங்கிவைப்பதற்கு அவளுக்கு ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. நிறுத்தச் சொல்லி எத்தனை வார்த்தை சொன்னாலும் போதவில்லை.

அவள் அடித்தாள். வாழ்நாளில் கற்ற அத்தனை அடியும் அடித்தாள். ஒருவர் காதைக் கடித்தாள். ஒருவர் தலைமயிர் கொத்தாக அவள் கையில் வந்தது. அவளை இரண்டு பேர் தூக்கிப் பெஞ்சில் எறிந்தார்கள். மறுபடியும் எழுந்து வந்து, இனி அடித்துப் பயனில்லை என்று தெரிந்ததும், அவர்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். அவர் தலையைத் தன் மார்புக்கடியில் வைத்து மூடினாள். உதைகள் நிற்கவில்லை. பூட்ஸ்கால் ஒன்று அவள் வலது மணிக்கட்டை மிதித்து நசுக்கியது. அப்போதும் அவள் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். என் மடியில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பிள்ளை. எல்லோரையும் கொன்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். அம்மாவை அவ்வளவு வெறுத்ததும் அந்த நிமிஷம்தான், அவள் செத்துவிடக் கூடாது என்று அவ்வளவு வேண்டியதும் அந்த நிமிஷம்தான்.

கடப்பாவில் வண்டி நின்றது. அவரையும் அம்மாவையும் இழுத்துப் பிளாட்பாரத்தில் போட்டார்கள், நான் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். போலீஸ்காரர்கள் வந்தார்கள். அதில் ஒருவருக்குத் தமிழ் தெரிந்தது. "யாரும்மா அடிச்சது?" என்று கேட்டார்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். அத்தனை வீரர்களும் வண்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் பேப்பர்கூடப் பிரித்துவிட்டார்.

"நான்தான் சார்" என்றாள். "மொத அடி என்னுது. எம்புள்ள உசுரக் காப்பாத்தினாரு, நான் அடிச்சேன்."

போலீஸ்காரருக்கு இதில் எதை எழுதுவதென்று தெரியவில்லை. அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. எங்கள் தகரப் பெட்டி பம்பாய் போனது, நாங்கள் போகவில்லை.

அதற்கப்புறம் ஒருபோதும் போகவில்லை. விஷயம் தெரிந்து அப்பாதான் கடப்பாவுக்கு வந்தார். அம்மா மணிக்கட்டு கோணலாகக் கூடியது. வலது கையால் நாடா எறிய வராமல், கடைசி வரைக்கும் நாடாவுக்குள் வைக்கிற தாரில் நூல் சுற்றுகிற வேலைதான் செய்தாள். அதனால் சாது ஆகிவிட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். இடது கையால் அடிக்கப் பழகிக்கொண்டாள், அது வலதைவிடக் குறி தவறாமல் விழுந்தது. ஆனால் பிள்ளைகள் யாரையும் கட்டிவைக்கவில்லை. பூவம்மாள் அவிழ்த்துவிட்ட கன்றாகத் தெருவெல்லாம் ஓடினாள். அவள் போகிற இடமெல்லாம் அம்மா பின்னாலேயே ஓடினாள்.

கலீமுல்லா பிழைத்தார். ஒரு கண் போய்விட்டது. எந்த உதையில் போனது என்று யாருக்கும் தெரியாது. சில மாதம் கழித்துப் பழையபடி சைக்கிளில் எங்கள் பக்கம் வர ஆரம்பித்தார். தாடை சரியாகக் கூடாததால் வளையல், ரிப்பன் என்று கூவுவது குழறலாக வரும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா வீட்டில் இருக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வாள். தெருவில் இருந்தால், கையில் தண்ணீர்க் குடம் இருந்தாலும், பக்கத்துச் சந்துக்குள் போய் அவர் தாண்டிப் போகிற வரைக்கும் நிற்பாள். "செஞ்ச பாவத்துக்கு எப்பிடி மூஞ்சியக் காட்டுவா" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தெருவுக்கு என்ன தெரியும். வெட்கப்பட்டு ஒளிகிற பொம்பளை இல்லை என் அம்மா. அவள் ஒதுங்கியதன் காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் கடப்பா ஆஸ்பத்திரியில் நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

மறுநாள் காலை. அம்மா குழாயடியில் எங்கள் மூன்று பேருக்கும் முகம் கழுவிவிட்டாள். தன் புடவையில் இருந்த ரத்தத்தைக் கசக்கிப் பார்த்தாள், அது போகவில்லை. வலது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். தர்மனை இடுப்பில் வைத்துக்கொண்டு வார்டுக்குள் நடந்தாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "எம்புள்ளயக் குடுத்தீங்க, எம்புள்ளயக் குடுத்தீங்க" என்பதுதான் எனக்குக் கேட்டது.

கலீமுல்லா சுவரோரம் ஒரு கட்டிலில் கிடந்தார். தலையும் தாடையும் ஒரு கண்ணும் சேர்த்துத் துணி சுற்றியிருந்தது. மீதியிருந்த கண் எங்களைப் பார்த்தது. முதலில் தர்மனைப் பார்த்தது. பையன் உயிரோடு இருக்கிறான் என்று அந்தக் கண் ஈரமானதை நான் பார்த்தேன்.

அம்மா தர்மனைக் கீழே இறக்கிவிட்டாள்.  மூங்கில் பத்தையோடு வலது கையையும், அதோடு இடது கையையும் சேர்த்துக் கும்பிடுவதற்காகத் தலைக்கு மேல் தூக்கினாள்.

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டினார். முழங்காலை வயிற்றுக்கு இழுத்துக்கொண்டார்.  துணிக்குள்ளிருந்து குழறலாக, "வேணாம்மா, வேணாம்மா" என்று வந்தது.

தூக்கின கையை இறக்கினால் அதற்கும் பயப்படுவாரோ என்று அம்மா அப்படியே நின்றாள்.